கீழ்த்தளம் கணக்கில் வராது

வாசல் மணியை அழுத்துமுன்பே
வீட்டைப் பாதி அளந்திருப்பேன்.
டுலூத் நகரின் சரிவுத் தெருக்களில்
பதினேழு வருடமாய் இதுதான் பிழைப்பு:
லேசர் அளவுகோல், அட்டை, காலணிக்கு நீல உறை,
ஏரிக்காற்றில் விறைத்த விரல்.

டார்லீன் கோவாச்சிக் கதவைத் திறந்தாள்.
உள்ளே இலவங்கப்பட்டை மணம்.
நான் வரும் நாளில் எல்லோரும் எதையாவது சுடுகிறார்கள்.
மணத்துக்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

எந்தத் தொகையும் என்னிடம் சொல்லக் கூடாது, அது விதி.
அவள் சொல்லவில்லை.
குளிர்சாதனப் பெட்டியின் கதவில்
மீன் வடிவக் காந்தத்துக்குக் கீழே
பென்சிலில் எழுதியிருந்தது:
வீடு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
பழைய கடன் பாக்கி ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.
புது வட்டி ஐந்தே முக்கால்.
மாத மிச்சம் இருநூற்றுப் பதினான்கு டாலர்,
அதற்கு மட்டும் அடியில் இரண்டு கோடு.

கண்ணை எடுத்துக்கொண்டேன்.
பார்த்ததைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

"இன்னொரு அறை இருக்கிறது" என்று படியிறங்கினாள்.
வெஸ் தானே பலகை அடித்தது, இரண்டு குளிர்காலம்.
மகன் கோரி ஒன்பது வருடம் அங்கேதான் தூங்கினானாம்;
உயரம் குறித்த கோடுகள் நிலைக்கட்டையில்
என் தோளுக்கு மேலே போயிருந்தன.
நான் சன்னலை அளந்தேன்.
தீப்பிடித்தால் ஓர் ஆள் வெளியேற அது போதாது.
ஆகவே படுக்கையறை இல்லை.
தரைமட்டத்துக்குக் கீழே, ஆகவே பரப்பிலும் சேராது.
சாமான் வைக்குமிடம் என்று எழுதினேன்.
அவள் எட்டிப் பார்க்கவில்லை, அல்லது
பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் இருந்தாள்.

ஒரு வீட்டின் விலையை அந்த வீடு சொல்வதில்லை.
பக்கத்தில் விற்ற மூன்று வீடுகள் சொல்கின்றன.
ஒன்றில் சமையலறை புதிது.
ஒன்றிலிருந்து ஏரி தெரியும், கப்பல்கூடத் தெரியும்.
மூன்றாவதை ஒரு தம்பதி பிரியும் அவசரத்தில்
பதினோரு நாளில் தள்ளிவிட்டிருந்தார்கள்.
பத்திரத்தில் அவசரம் பதிவாவதில்லை,
விலைதான் பதிவாகிறது.
அந்தச் சண்டையை இந்தக் கூரையிலிருந்து கழித்தேன்.

இரவு பத்து மணிக்கு எண் விழுந்தது:
ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம்.

அது போய் என்ன செய்யும் என்று தெரியாதவனில்லை.
கடன் வீட்டின் எண்பது சதவீதத்தைத் தாண்டும்.
வட்டி கால் சதவீதம் ஏறும்.
வங்கிக்கு நஷ்டம் வராமலிருக்க ஒரு காப்பீடு,
அதன் தவணை இவள் தலையில்.
வேண்டாமென்றால் பத்தாயிரத்தைக் கையில் எடுத்து வரவேண்டும்.
இருநூற்றுப் பதினான்கு தொண்ணூற்று மூன்றாகச் சுருங்கும்;
பத்திரச் செலவு தேற
இரண்டு வருடத்துக்குப் பதில் ஐந்து.
என் கூலி அறுநூறு.
அதை அவள் முன்பே கட்டியாயிற்று,
கடன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்.

மூன்று வாரம் கழித்து வங்கி வழியாக ஒரு மறுபரிசீலனை மனு.
மரியாதையான கடிதம். வேறு நான்கு விற்பனைகள், தேதியோடு.
நான்கையும் நேர்மையாகப் பார்த்தேன்.
இரண்டு வேறு பள்ளி வட்டாரம், இரண்டு ஒரு வருடப் பழசு.
எண் அசையவில்லை.
கடைசி வரியில் மட்டும் கையெழுத்து மாறியிருந்தது:
சன்னலைப் பெரிதாக வெட்டினால்?
அதற்குப் பதில் எழுத இடமிருந்தது.
மதிப்பீட்டுத் தேதியன்று இருந்த நிலையே கணக்கு என்று எழுதினேன்.

ஏப்ரலில் என் கடனுக்கு வட்டி குறைத்துக்கொள்ள விண்ணப்பித்தேன்.
ட்ரெவர் ஹைன்ஸ் என்ற இளைஞனை அனுப்பினார்கள்.
நீர்க்கறை படிந்த சுவர்மேல் அலமாரியை நகர்த்தியிருந்தேன்.
அடுப்பில் ஆப்பிள் வெந்துகொண்டிருந்தது,
ஆம், பட்டை போட்டு.
அவன் சமையலறையைத் தாண்டும்போது
"கீழே இன்னொரு அறை இருக்கிறது" என்றது யாருடைய குரலோ.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்த காகிதத்தை
முந்தின இரவே எடுத்துவிட்டேன்.
காந்தத்தை எடுக்க மறந்துபோனேன்.
எதையும் பிடிக்காமல் அது நின்றது.
ட்ரெவர் அதைப் பார்த்தான்,
பிறகு கண்ணை எடுத்துக்கொண்டான்.